கதை நியூஸ்லெட்டர் 3 வருஷம் ஓட்டியாச்சு, இனி எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியல

அரைப்பக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

3 வருஷமா வாரம் ஒரு சிறுகதை மெயில்ல அனுப்பிட்டு இருக்கேன். வெள்ளிக்கிழமை ராத்திரி போகும். ஆரம்பத்துல நண்பர்கள் 40 பேரு, அப்புறம் அவங்க சொல்லி இவங்க சொல்லி இப்ப 600 சொச்சம் பேர் இருக்காங்க. நடுவுல ஒரு வாரம் ரெண்டு வாரம் விட்டிருக்கேன், மத்தபடி சொன்ன சொல் தவறாம அனுப்பிட்டேன்னு வைங்க.

பிரச்னை என்னன்னா கடந்த ஆறேழு மாசமா எழுத உக்காந்தா அரைச்ச மாவையே அரைக்கிற மாதிரி இருக்கு. தனியா இருக்கற ஒருத்தர், பழைய ஞாபகம் ஒண்ணு, கடைசி பாராவுல ஒரு சின்ன திருப்பம். போன மாசம் ஒரு கதை முடிச்சிட்டு இதையே போன வருஷமும் எழுதியிருக்கமேன்னு தேடிப் பாத்தா நிஜமாவே எழுதியிருக்கேன், ஆள் பேர் மட்டும்தான் வேற. அனுப்பினாலும் கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஒரு சத்தமும் இல்ல. ஓப்பன் ரேட் (எத்தனை பேர் மெயிலைத் தொறந்தாங்கங்கற கணக்கு) மட்டும் பழையபடிதான் காட்டுது, ஆனா யாரும் பதில் போடறதில்ல, கடைசிவரை படிக்கறாங்களான்னே சந்தேகமா இருக்கு.

அதனால மொத்தமா மாத்தலாம்னு நினைக்கிறேன். மனசுல இருக்கறது மூணு. ஒண்ணு, திரில்லர் தொடர்கதை. ரெண்டாவது 300 வார்த்தைல குட்டிக்கதை, வாரம் மூணு தடவை. மூணாவது நானே வாசிச்சு ஆடியோவா அனுப்பறது (என் குரல் சுமார்தான்). இதுல எது சரிவரும்? இல்ல மூடிட்டுப் போறதுதான் மரியாதையா?

ராத்திரி_ரயில்:
திரில்லர் போடுங்க பாஸ். ஒவ்வொரு மெயிலும் கத்தி தொண்டைல வச்ச எடத்துல முடியணும். அடுத்த வாரம் தானா தொறப்பாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு.

பழைய_வாசகி:
தம்பி, மூடற பேச்சை அப்புறம் பேசலாம். முதல்ல அந்த ஓப்பன் ரேட்டை நம்பறதை விடுங்க. 2021 செப்டம்பர்ல ஆப்பிள் ஐஓஎஸ் 15 விட்டப்போ மெயில் ப்ரைவசி ப்ரொடெக்ஷன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, அதை ஆன் பண்ணி வச்சவங்களுக்கு மெயில்ல இருக்கற படத்தையெல்லாம் (படம் லோட் ஆனா மெயிலைத் தொறந்ததா எண்ணிக்குவாங்க) ஆப்பிளோட சர்வரே முன்கூட்டி எடுத்து வச்சிடும், அந்த ஆள் மெயிலைத் தொட்டே இருக்க மாட்டார், உங்க கணக்குல தொறந்ததா விழுந்திருக்கும். அதனால அந்த நம்பர் ஏறினாலும் இறங்கினாலும் உங்க கதையைப் பத்தி பெருசா ஒண்ணும் சொல்லாது.

நான் நம்பறது ஒண்ணே ஒண்ணுதான், யாராவது ரிப்ளை பட்டனை அமுக்கி ரெண்டு வரி எழுதினாங்களா. சும்மா "நல்லாருக்கு" இல்ல, கதைக்குள்ள இருக்கற ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு கேக்கறது. மூணு வருஷ மெயில் பாக்ஸ் இருக்கில்ல, போய்த் தேடுங்க. எந்தெந்தக் கதைக்கு அப்படி வந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணிட்டு வாங்க. அதைப் பாக்காம திரில்லரா ஆடியோவான்னு கேட்டா இங்க ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, எல்லாமே அவங்கவங்க ருசி.

கமா_போடாதவன்:
நான் இந்தக் குழில விழுந்து எந்திரிச்சவன் அதனால சொல்றேன், எனக்கும் இதே மாதிரி சிறுகதை அலுத்துப்போயி ஒரு பேய்த் தொடர் ஆரம்பிச்சேன் முதல் மூணு பாகம் அமோகமா போச்சு ஆளாளுக்கு அடுத்து என்ன அடுத்து என்னன்னு கேட்டாங்க எனக்குத் தலை கால் புரியல, நாலாவது பாகத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சது கதையோட முடிவே எனக்குத் தெரியாதுன்னு, சரி எழுத எழுத வந்துரும்னு ஓட்டினேன் ஏழாவது பாகத்துல புதுசா சேந்த ஒருத்தர் மெயில் போடறாரு "சார் இதுல யாரு செத்தவங்க யாரு உசிரோட இருக்கறவங்கன்னு தெரியல"ன்னு, நியாயமான கேள்விதான் எனக்கே அப்ப சந்தேகமா இருந்துச்சு.

தொடர்ல உள்ள கஷ்டமே இதுதான். வாரப்பத்திரிகைல அந்தக் காலத்துல முன்கதைச் சுருக்கம்னு பொட்டி கட்டிப் போடுவாங்க பாருங்க, அது சும்மா இல்ல, ஒரு வாரம் விட்டவனைக் கையைப் பிடிச்சு உள்ள இழுத்துப் போடற வேலை. மெயில்ல அது இன்னும் அதிகமா தேவை, ஏன்னா பத்திரிகை மேஜை மேல கிடக்கும் கண்ல படும், மெயில் நாலு நாள்ல அடியில போயிடும். இன்னொரு கூட்டம் இருக்கு, "மொத்தமா முடிங்க சேத்துப் படிச்சுக்கறேன்"னு சொல்றவங்க. அவங்க ஒருநாளும் படிக்க மாட்டாங்க. நான் 11வது பாகத்தோட நிறுத்தினேன். முடிவு கேட்டு ரெண்டே பேர் எழுதினாங்க, அதுல ஒண்ணு என் மாமா பொண்ணு.

ராத்திரி_ரயில்:
முடிவு தெரியாம திரில்லர் எழுதினது உங்க தப்பு பாஸ், திரில்லரோட தப்பு இல்ல. பத்து பாகமும் எழுதி கையில வச்சுக்கிட்டு முதல் பாகம் அனுப்பணும்.

கமா_போடாதவன்:
இது ஒத்துக்கறேன்.

அரைப்பக்கம்:
பழைய_வாசகி அக்கா, சொன்னீங்கன்னு நேத்து ராத்திரி உக்காந்து தேடினேன். ரெண்டு மணி ஆயிடுச்சு. நீங்க சொன்ன மாதிரி கதைக்குள்ள இருக்கறதைப் பிடிச்சுக் கேட்ட பதில்கள் மூணு வருஷத்துல மொத்தம் 43. அதுல 17 ஒரே கதைக்கு!

இதுல வேடிக்கை என்னன்னா அது எனக்குப் பெருசா பிடிக்காத கதை. வேற எதுவும் தோணாம ஒரு வியாழக்கிழமை ராத்திரி அவசரமா எழுதினது. ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல தொலைஞ்ச பொருளெல்லாம் வாங்கி வைக்கற கவுண்டர், அங்க உக்காந்து ரெஜிஸ்டர் எழுதற ஒரு பெண். அவங்களுக்கு நான் பேர்கூட வைக்கல. படிச்சவங்கதான் "ரெஜிஸ்டர் அக்கா"ன்னு பேர் வச்சிருக்காங்க. ஒருத்தர் கதைல வர்ற குடையை யாராவது வந்து வாங்கினாங்களான்னு கேக்கறார், இன்னொருத்தர் ரெஜிஸ்டர் அக்காவுக்கே ஏதோ தொலைஞ்சிருக்கு, அதான் அந்த வேலையை விடமாட்டேங்கறாங்கன்னு எழுதியிருக்கார். அதை நான் யோசிக்கவே இல்ல!! அப்ப எல்லாருக்கும் "நன்றி நன்றி"ன்னு போட்டுட்டு அடுத்த கதைக்குப் போயிருக்கேன். மடையன்.

பைட்_பைத்தியம்:
குறுக்க வரேன், மன்னிக்கணும், எனக்கு இலக்கியம் தெரியாது. "கடைசிவரை படிக்கறாங்களான்னு சந்தேகம்"னு எழுதியிருந்தீங்க. உங்க கதை எத்தனை வார்த்தை வரும்? ஜிமெயில்ல படிக்கறவங்க நிறையப் பேரா?

அரைப்பக்கம்:
முதல் வருஷம் 1500 வார்த்தைக்குள்ளதான் இருக்கும். இப்பல்லாம் 3000, 3500 வரை போகுது. முக்கால்வாசிப் பேர் ஜிமெயில்தான். ஏன்?

பைட்_பைத்தியம்:
அப்ப பாதிப்பேர் உங்க கடைசி பாராவைப் பாத்தே இருக்க மாட்டாங்க.

ஜிமெயில் ஒரு மெயிலோட ஹெச்டிஎம்எல் (எழுத்தும் அதுக்கான வடிவமைப்புக் கோடும் சேந்தது) 102 கேபி தாண்டினா அந்த எடத்துலயே வெட்டிடும். கீழ சின்ன எழுத்துல முழுசையும் பாக்க ஒரு லிங்க் இருக்கும், அதைக் கவனிச்சு அமுக்கறவங்க கம்மி. இங்கிலீஷ்ல எழுதறவங்களுக்கு இந்த வரம்பு அவ்வளவு சீக்கிரம் வராது, ஒரு எழுத்துக்கு ஒரு பைட்தான். தமிழ் அப்படி இல்ல, யுடிஎஃப்-8ல (எழுத்தை கம்ப்யூட்டர்ல சேமிக்கற முறை) ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "கதை"ன்னு எழுதினா க, த, அப்புறம் அந்த ஐகாரக் குறி, மூணும் சேந்து 9 பைட். "பதிவேடு" 21 பைட். வார்த்தைக்கு இடைவெளியோட 25 பைட்னு குத்துமதிப்பா வச்சுக்கிட்டா 3500 வார்த்தைக்கு 85 கேபி ஆச்சு. இது வெறும் எழுத்து. மேல டெம்ப்ளேட், கீழ பட்டன், அதுக்கு மேல வேர்ட்ல எழுதி அப்படியே காப்பி பேஸ்ட் பண்ற பழக்கம் இருந்தா பாராவுக்குப் பாரா தேவையில்லாத ஸ்டைல் குப்பை வேற கூடவே வரும். தாராளமா 102 தாண்டிடும்.

இன்னொண்ணு, அன்சப்ஸ்க்ரைப் லிங்க் வழக்கமா அடியிலதான இருக்கும், அதுவும் வெட்டுல போயிடும். வெளிய போகணும்னு நினைக்கறவருக்கு வழி தெரியலன்னா நேரா ஸ்பாம்னு அமுக்கிட்டுப் போவார். அது எல்லாரையும் பாதிக்கும், 2024 பிப்ரவரில இருந்து கூகுள், யாஹூ ரெண்டும் ஸ்பாம் புகார் விஷயத்துல கறாரா இருக்காங்க, 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாதுங்கறாங்க. 600 பேர்ல ரெண்டு பேர் அமுக்கினாலே அந்தக் கோட்டைத் தாண்டிட்டீங்க.

உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி ஜிமெயில்ல தொறந்து பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அரைப்பக்கம்:
பாத்தேன். கடைசி ஆறு கதைல நாலு வெட்டுப்பட்டிருக்கு. போன மாசக் கதை அவ கதவைத் தொறக்கப் போற எடத்துல நிக்குது. நானே எழுதின கதை, படிக்கறவங்க "இது என்ன இப்படி முடிஞ்சிருக்கு, சரி மாடர்னா இருக்கும்"னு விட்டிருப்பாங்க போல. சிரிக்கறதா அழுவுறதா.

ராத்திரி_ரயில்:
கத்தி தொண்டைல வச்ச எடத்துல முடியணும்னு நான் சொன்னதை ஜிமெயிலே செஞ்சிருக்கு 😂

கடுதாசி:
தாமதமா வரேன். எல்லாத்தையும் படிச்சேன். மூணு வழி கேட்டிருந்தீங்க, எனக்கு மூணுமே சரியாப் படல, நாலாவது வழி உங்க மெயில் பாக்ஸ்லயே கிடக்கு.

கொஞ்சம் சுத்தி வளைச்சு சொல்றேன். நம்ம எல்லாரும் பத்திரிகைல போட வேண்டிய கதையை எழுதி மெயில்ல அனுப்பிட்டு இருக்கோம். மெயில்ங்கறதை ஒரு தபால்காரர் மாதிரி மட்டும் வச்சிருக்கோம். ஆனா ஒரு மெயில் வர்றப்போ படிக்கறவர் என்ன நிலைமைல இருக்கார்னு பாருங்க, பேங்க் மெயிலுக்கும் ஆஃபீஸ் மெயிலுக்கும் நடுவுல உங்களோடது வந்து உக்காருது, அவர் பேருக்கு வந்திருக்கு, தேதி போட்டிருக்கு, பதில் போட ஒரு பட்டன் இருக்கு. கடுதாசிக்கு இருக்கற எல்லா லட்சணமும் இருக்கு. அப்ப கதையும் கடுதாசியா, குறிப்பா, பதிவா இருந்தா என்ன?

இதுக்கு நல்ல உதாரணம் டிராகுலா டெய்லி. டிராகுலா நாவல் 1897ல வந்தது, முழுக்க டைரி, கடிதம், தந்தி இதுங்களாலயே ஆனது, கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் தேதி உண்டு, மே 3ல ஆரம்பிச்சு நவம்பர் வரை போகும். 2021ல ஒருத்தர் அதைப் பிரிச்சு, எந்தப் பதிவுக்கு எந்தத் தேதியோ அன்னிக்கே மெயில்ல வர்ற மாதிரி பண்ணினார். 2022ல அது பெரிய அளவுல பரவிடுச்சு. நூறு வருஷத்துக்கு மேல பழைய கதை, முடிவு ஊருக்கே தெரியும், புதுசா ஒரு வரி எழுதல. இருந்தும் ஏன் படிச்சாங்க? சில நாள் நீளமா வரும், சில நாள் ரெண்டே வரி, சில நாள் ஒண்ணுமே வராது. ஒண்ணும் வராத நாள்ல கோட்டைக்குள்ள மாட்டினவன் என்ன ஆனானோன்னு இவங்களுக்குப் பதைப்பு. அந்த மௌனம் புத்தகத்துல கிடைக்காது, பக்கத்தைத் திருப்பிடலாம்.

உங்க ரெஜிஸ்டர் அக்காவுக்கு வாங்க. அவங்க கதையைப் பத்தி எழுதாதீங்க, அவங்க ரெஜிஸ்டரையே அனுப்புங்க. ஒரு மெயில், ஒரு பொருள். எங்க கிடைச்சது, யார் கொண்டுவந்தா, யாராவது வாங்கிட்டுப் போனாங்களா. குறிப்புக் கட்டத்துல அவங்க எழுதக்கூடாத ஒண்ணு ரெண்டு வரி எழுதிடறாங்க, அங்கதான் கதை. புதுசா சேர்ற ஒருத்தர் எந்த மெயில்ல நுழைஞ்சாலும் அந்தப் பொருளோட கதை அவருக்கு முழுசாக் கிடைக்கும், கூடவே வர்றவங்களுக்கு அவங்களுக்கு என்ன தொலைஞ்சதுங்கறது மெல்ல மெல்லத் தெரியவரும். கமா சொன்ன ஏழாவது பாகப் பிரச்னை இதுல வராது. 500, 600 வார்த்தைல முடியும், பைட் நண்பருக்கும் சந்தோஷம்.

பைட்_பைத்தியம்:
சந்தோஷம்.

கமா_போடாதவன்:
கடுதாசி சொன்னதைப் படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, 1840ல இங்கிலீஷ் நாவலாசிரியர் டிக்கன்ஸ் இதே நிலைமைல இருந்திருக்கார், பெரிய தொடர் எழுதி எழுதி அலுத்துப்போயி ஒரு வாரப்பத்திரிகை ஆரம்பிக்கறார் ஒரு கிழவரும் நண்பர்களும் கூடி உக்காந்து ஆளுக்கொரு கதை சொல்ற மாதிரி உதிரி உதிரியா, முதல் இதழ் 70,000 கிட்ட வித்திருக்கு, இது தொடர்கதை இல்லன்னு தெரிஞ்சதும் விற்பனை சரசரன்னு இறங்கிடுச்சு. மனுஷன் என்ன பண்ணினார், புதுசா ஒண்ணும் தேடல, அதே பத்திரிகைல சின்னதா ஆரம்பிச்சிருந்த ஒரு தாத்தா பேத்தி கதையை எடுத்து வளத்துட்டார், அதுதான் தி ஓல்ட் க்யூரியாசிட்டி ஷாப், கொஞ்ச நாள்ல உதிரிக் கதையெல்லாம் போயி அந்தக் கதையே பத்திரிகைன்னு ஆயிடுச்சு. உங்க 17 மெயிலும் அதுதான் சொல்லுது.

ராத்திரி_ரயில்:
எல்லாரும் கூடிக் கும்மியடிக்கறதால ஒரு எதிர்க்குரல் வைக்கறேன். ரெஜிஸ்டர், கட்டம், பதிவு எண் இதெல்லாம் முதல் நாலு வாரம் புதுசா இருக்கும். அஞ்சாவது வாரம் "ஓ, இன்னொரு பொருளா"ன்னு ஆயிடும். வடிவம் பழகிடுச்சுன்னா அப்புறம் உள்ள இருக்கற சரக்குதான் பேசணும். இவரோட பழைய நோயே ஒரே அச்சுல வார்க்கறதுதான (தப்பா எடுத்துக்காதீங்க, நீங்களே சொன்னது). ரெஜிஸ்டர்லயும் ஒரு பொருள், பழைய ஞாபகம், கடைசி வரியில கண்ணீர்னு எழுதினா மூணு மாசத்துல மறுபடி இங்க வந்து இதே கேள்வி கேப்பார்.

அதனால எல்லை போட்டுக்கோங்க. 12 பதிவு, முடிஞ்சது. கடைசிப் பதிவுல என்ன பொருள்னு முதல்ல முடிவு பண்ணுங்க. நடுவுல ரெண்டு வாரம் ரெஜிஸ்டரை வேற யாரோ எழுதட்டும், அக்கா லீவு, வேற கையெழுத்து. ஒரு வாரம் பொருளே வரக்கூடாது.

பழைய_வாசகி:
ரயில் தம்பி சொல்றது சரி. நான் சண்டைக்கு வரலாம்னு இருந்தேன், விட்டுட்டேன்.

ஒரே ஒரு விஷயம் சேத்துக்கறேன். மாத்தறப்போ "அன்பார்ந்த வாசகர்களே, ஒரு முக்கிய அறிவிப்பு"ன்னு ஒரு நீள மெயில் போடாதீங்க. எழுதறவருக்குத்தான் அது பெரிய விஷயம். பழைய கதைங்களை எல்லாரும் படிக்கற மாதிரி ஒரு எடத்துல போட்டு வச்சிடுங்க, மூணு வாரம் ஓய்வுன்னு ரெண்டு வரி சொல்லிட்டுக் காணாமப் போயிடுங்க. திரும்பி வர்றப்போ நேரா பதிவு எண் 1. விளக்கம் வேணாம். கொஞ்சப் பேர் கழண்டுக்குவாங்க, போகட்டும், அந்த வாரம் மட்டும் அந்த நம்பரைத் தொறந்து பாக்காதீங்க. முன்னாடி எழுதின 17 பேருக்கு மட்டும் தனித்தனியா ஒரு மெயில் போடுங்க, "நீங்க கேட்ட குடையைப் பத்தி சொல்லப் போறேன்"னு. அந்தப் பதினேழு பேர் உங்களுக்கு மத்த 583 பேரைவிட முக்கியம்.

ஆடியோ அப்புறம் பாக்கலாம். குரல் சுமார்னு நீங்களே சொல்லிட்டீங்க.

அரைப்பக்கம்:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ரெண்டு நாளா வேற வேலை ஓடல. 12 பதிவுக்கும் பொருள் எழுதிட்டேன், கடைசிப் பொருள் என்னன்னு முடிவு பண்ணிட்டேன், அதை மட்டும் இங்க சொல்ல மாட்டேன். ரயில் நண்பா, பொருளே வராத வாரம் ஆறாவதுல வச்சிருக்கேன். லீவு வாரத்து ஆள் ஒரு சின்னப் பையன், எழுத்துப்பிழையோட எழுதுவான்.

முதல் பதிவோட ஆரம்பம் மட்டும் போடறேன், திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க.

பதிவு எண் 1. பொருள்: செருப்பு, ஒண்ணு மட்டும், இடது கால், குழந்தையுடையது. கிடைத்த இடம்: கடைசிப் பெட்டி, ஜன்னல் இருக்கைக்குக் கீழே. கொண்டுவந்தவர்: பெயர் சொல்லவில்லை. வாங்கிச் சென்றவர்: காலி. குறிப்பு: செருப்பின் உள்ளே மடித்த காகிதத்தில் ஒரு சாவி. சாவியைப் பற்றி மேலதிகாரியிடம் சொல்லவில்லை.

கடுதாசி:
அந்தக் கடைசி வரி போதும். "குழந்தையுடையது"க்கு பதிலா அளவு மட்டும் போட்டா இன்னும் நல்லாருக்குமோ? ரெஜிஸ்டர்ல அப்படித்தான் எழுதுவாங்க. படிக்கறவரே குழந்தைன்னு புரிஞ்சுக்கட்டும்.

அரைப்பக்கம்:
மாத்திட்டேன்.

ராத்திரி_ரயில்:
சரி அது என்ன சாவி?

அரைப்பக்கம்:
அடுத்த மாசம் முதல் வெள்ளி, ராத்திரி 9 மணி.

ராத்திரி_ரயில்:
யோவ். லிங்க் குடுங்க, சேந்துக்கறேன்.